வீட்டை இப்பவே எழுதிக் கொடுப்பதா, உயிலோடு நிறுத்திக்கொள்வதா?

தண்டையார்பேட்டையில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு 72 வயது. அரை கிரவுண்டுகூட இல்லாத மனை, கீழே அவரும் சின்ன மகனும், மாடி போர்ஷன் வாடகைக்கு. போன மாதம் மகன் ஒரு பத்திரம் எழுதுபவரைக் கூட்டிக்கொண்டு வந்து, "செட்டில்மென்ட் போட்டுடுங்கம்மா, உயில்னா அப்புறம் ஐகோர்ட்டுக்கு அலையணும்" என்று சொல்ல வைத்தான். செட்டில்மென்ட் என்றால் உயிரோடு இருக்கும்போதே, பணம் வாங்காமல் சொத்தைக் குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம். பெரியம்மா எனக்கு போன் போட்டார். அதற்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வீடு யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். பெரியம்மா பேரிலேயே கிரயப் பத்திரம் இருந்ததால் இந்தக் கேள்வியே எழுகிறது. பல வீடுகளில் பத்திரம் இறந்துபோன கணவர் பேரில்தான் கிடக்கும். அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், இந்துக் குடும்பத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் சேர்த்துச் சம பங்கு. கல்யாணம் செய்து கொடுத்த மகளுக்கும்தான். அந்த நிலையில் அம்மா தன் ஒரு பங்கைத்தான் எழுத முடியும், முழு வீட்டையும் அல்ல. வாரியக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: விற்பனைப் பத்திரமே இன்னும் கைக்கு வரவில்லை என்றால் எழுதிக் கொடுக்க எதுவும் இல்லை.

சரி, செலவு. செட்டில்மென்டுக்குக் குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1%, பதிவுக் கட்டணம் 1%, இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அந்த வரம்பை 25,000-லிருந்து 40,000 ஆகவும், 4,000-லிருந்து 10,000 ஆகவும் ஏற்றினார்கள். அதனால் வீடு எவ்வளவு மதிப்புள்ளதாக இருந்தாலும் அரசுக்குக் கட்டுவது 50,000 ரூபாயைத் தாண்டாது. உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டால் போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுவது நல்லது. படுத்த படுக்கையாக இருப்பவருக்காகச் சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

செலவெல்லாம் சின்ன விஷயம். உயில் என்பது நீங்கள் கண்மூடிய பிறகுதான் பேசும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். செட்டில்மென்ட் கையெழுத்துப் போட்டுப் பதிவான அன்றே வீடு மகனுடையது. அதற்கப்புறம் நீங்கள் தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது. அவன் அடமானம் வைத்தாலும் விற்றாலும் வில்லங்கச் சான்றில் அவன் பேர்தான் ஓடும், மாடி வாடகையும் அவனுக்குத்தான். பெரியம்மாவின் மாத்திரைச் செலவு அந்த வாடகையில்தான் நடக்கிறது என்பதை அந்தப் பத்திரம் எழுதுபவரிடம் யாரும் சொல்லவில்லை போல.

"பிள்ளை பார்த்துக்கலைன்னா வீட்டைத் திருப்பி வாங்கலாமே, சட்டம் இருக்கே" என்பார்கள். இருக்கிறது. 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் 60 வயது தாண்டியவர் மனுக் கொடுக்கலாம். ஆனால் 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனைக்கு உட்பட்டு எழுதிக் கொடுத்திருந்தால்தான் அந்தப் பிரிவு. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையைக் காட்டியாக வேண்டும் என்று கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியவர்களுக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. சில வாரங்களில் சென்னை உயர் நீதிமன்றமும், அன்பு பாசத்தால் கொடுத்தேன் என்பதிலேயே பராமரிப்பு அடங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டது. காற்று இப்போது முதியவர்கள் பக்கம் அடிக்கிறது, சந்தோஷம். ஆனாலும் 72 வயதில் நடையாய் நடந்து தன் வீட்டைத் தானே மீட்க வேண்டிய நிலைமை எதற்கு?

அப்புறம் அந்த ஐகோர்ட் பயம். அது வெறும் கதையல்ல. இந்துக்கள் சென்னை நகரத்துச் சொத்துக்கு உயில் எழுதினால் அதன்படி உரிமை கோர, உயர் நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்கியே ஆகவேண்டும் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு வெகுகாலம் கட்டிப்போட்டிருந்தது. மதுரைக்காரருக்கு இல்லாத தொல்லை ராயபுரத்துக்காரருக்கு. (அதே ராயபுரத்தில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 2002-லேயே விலக்குக் கிடைத்துவிட்டது.) சென்னையில் செட்டில்மென்ட் இவ்வளவு ஓடியதற்கு இந்தப் பிரிவு பெரிய காரணம் என்பேன். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. வங்கிகளும் வீடு வாங்குபவர்களும் பழக்கதோஷத்தில் இன்னும் கொஞ்ச நாள் புரொபேட் கேட்கக்கூடும். ஆனாலும் கட்டாயம் போய்விட்டது. மகன் கூட்டிவந்தவர் சொன்னது பழைய கணக்கு.

செட்டில்மென்டே கூடாது என்று சொல்ல மாட்டேன். கடைசி வரை பார்த்துக்கொண்டது ஒரு மகள், அண்ணன் தம்பிகள் நாளைக்கு "அம்மா சுயநினைவோட எழுதலை" என்று உயிலை இழுத்தடிப்பார்கள் என்று தெரிந்தால், உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. அப்போதும் இரண்டு விஷயத்தைப் பத்திரத்துக்குள் எழுத வையுங்கள்: ஆயுள் உள்ளவரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உரிமை எனக்கே, என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுக்கிறேன். அச்சடித்த மாதிரிப் படிவத்தில் இது இல்லாமல் போகலாம், கேட்டு எழுத வைக்க வேண்டும்.

பெரியம்மா உயிலைத்தான் தேர்ந்தெடுத்தார், பதிவும் செய்தாகிவிட்டது. யாருக்கு என்ன என்று எனக்கும் தெரியாது. பதிவான உயிலின் நகலை அவர் உயிரோடு இருக்கும்வரை அவரைத் தவிர வேறு யாரும் வாங்க முடியாது என்று சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார். ஒரே ஒரு சிக்கல், சாட்சிக்கு அவர் அழைத்துவந்தது அவரைவிட மூத்த இரண்டு தோழிகளை. நாளைக்குத் தகராறு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் நின்று சொல்ல வேண்டியிருக்கும் என்று விளக்கி, தெருமுனை மருந்துக்கடைப் பையனையும் மாடி வீட்டு டீச்சரையும் கூட்டிப்போனோம். தோழிகள் இருவரும் எங்களோடேயே ஆட்டோவில் வந்து, வேலை முடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.