கோத்தகிரி வீட்டுக்கு இரண்டு எஸ்டிமேட்

கடந்த அக்டோபரில் 3 வார விடுப்பில் பெர்த்திலிருந்து கோத்தகிரிக்குப் போயிருந்தபோது, தாத்தா காலத்துக் கல்வீட்டின் தண்ணீர்க் குழாய்களையும் மின் ஒயரிங்கையும் அடியோடு மாற்றினால் எவ்வளவு ஆகும் என்று விசாரித்தேன். முதலில் வந்த காண்ட்ராக்டர் கால் மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, 2,10,000 ரூபாய் என்று விசிட்டிங் கார்டின் பின்புறம் எழுதித் தந்தார். எத்தனை பாயிண்ட் (விளக்கு, ஃபேன், பிளக் போன்ற இணைப்பு இடங்கள்), என்ன அளவு ஒயர் என்று கேட்டதற்கு, "எல்லாம் நல்ல கம்பெனிதான் சார்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

பக்கத்து வீட்டு அத்தை அனுப்பிய பெரியவர் பிளம்பரும் அவருடைய எலக்ட்ரீஷியன் மருமகனும் அரை நாள் எடுத்துக்கொண்டார்கள். மோட்டாரை மாற்றினால் போதாதா என்று கேட்டேன். பெரியவர் குளியலறை ஜி.ஐ. பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஒரு சாண் அறுத்து என் கையில் கொடுத்தார். உள்ளே துரு ஏறி, பென்சில் நுழையும் அளவுக்கே வழி மிஞ்சியிருந்தது. "மோட்டாரை மாத்தி என்ன பண்றது தம்பி, தண்ணி எது வழியா வரும்?" என்றார். மருமகன் தொட்டதும் பழைய ஒயரின் உறை பொடியாக உதிர்ந்தது. பீங்கான் ஃபியூஸில் யாரோ எளிதில் உருகாத தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். அம்மா அந்த வீட்டில் தனியாக இருக்கிறார்.

அவர்கள் தந்த கணக்கு 2 பக்கம், 3,35,000 ரூபாய். 42 பாயிண்ட், விளக்குக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர், 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும் என்பதால் அதற்குத் தனியே 4 சதுர மி.மீ.; மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., புதிய எர்த் குழி. மலையில் சமையலறைக்கும் வெந்நீர் வேண்டியிருப்பதால் ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு லைன் ஓடுகிறது, சாதாரண பி.வி.சி. சூட்டில் இளகிவிடும் என்று வெந்நீரைத் தாங்கும் சி.பி.வி.சி. பைப் போட்டிருந்தார்கள். இவற்றில் பாதி அந்தக் கார்டில் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. சுவர் வெட்டும் கூலியும் பூச்சும்கூட இல்லை.

ஒன்றரை அடிக் கல்சுவரில் காடி வெட்டுவதுதான் பெரிய செலவு என்று தெரிந்ததும், படுக்கையறைகளில் ஒயரைச் சுவருக்கு வெளியே கேசிங் பட்டியில் ஓட்டச் சம்மதித்தேன். 38,000 ரூபாய் குறைந்தது. அழகு கொஞ்சம் குறையும், பிற்காலத்தில் பழுது பார்ப்பது எளிது. பிளம்பிங் முடிந்து, எல்லாக் குழாய்களையும் அடைத்து ஒரு நாள் அழுத்தச் சோதனை செய்த பிறகே பூச வேண்டும் என்பதையும் எழுதி வாங்கினேன்.

மழையில் பூச்சு காயாது என்பதால் வேலை ஜனவரியில்தான் தொடங்கும். பெயிண்ட் இரண்டு எஸ்டிமேட்டிலுமே இல்லை. அதைக் கிளம்பும் நாளில்தான் கவனித்தேன்.