கார் நிறுத்துமிடக் கூரைக்குப் பாலிகார்பனேட் போடுகிறவர்கள் கவனிக்கவும்

பினாங்கில் வீட்டு முன்புறக் கூரைக்குப் பாலிகார்பனேட் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் தகடு போட நினைப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஈராண்டுக்கு முன், தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பட்டர்வொர்த்திலுள்ள எங்கள் வீட்டில் 4,800 ரிங்கிட் கொடுத்துக் கூரை போட்டோம். "பத்து வருடத்துக்கு ஒன்றும் ஆகாது அண்ணே" என்றார் குத்தகைக்காரர். ஓராண்டிலேயே தகடு மஞ்சளாகிவிட்டது. கேட்டால், "வெயில் பட்டால் பிளாஸ்டிக் அப்படித்தான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டு மரத்து மாங்காய் ஒன்று விழுந்து கூரையில் ஓட்டை போட்டது. நல்ல பாலிகார்பனேட் சுத்தியல் அடிக்கும் லேசில் உடையாது! கீழே அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். தகட்டுச் சில்லுகள் அவர் மடியில் கிடந்தன. நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது.

வேறொரு கூரைக்காரரை அழைத்து வந்தேன். அவர் அலுமினியச் சட்டத்தைக் கழற்றியபோது, தகட்டின்மேல் ஒட்டி வரும் காப்புத்தாளின் ஒரு துண்டு அடியில் சிக்கியிருந்தது; அதன் எழுத்துப் பக்கம் தரையைப் பார்த்திருந்தது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு பெரும்பாலான தகடுகளில் ஒரு பக்கம்தான் இருக்கும். காப்புத்தாளில் எழுத்து இருக்கும் அந்தப் பக்கம்தான் வானத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் தகடுகள் அத்தனையும் தலைகீழாகக் கிடந்தன. காப்புத்தாளைக் கடையிலேயே உரித்துக் கொண்டுவந்தால் எந்தப் பக்கம் எது என்று யாருக்குத் தெரியும்?

திருகு துளைகளும் இறுக்கமாக இருந்தன. 3 மீட்டர்த் தகடு 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் விடாததால் ஒவ்வொரு திருகைச் சுற்றியும் விரிசல். கூரை போட்ட அன்று வீடெல்லாம் காடி நாற்றம் அடித்தது நினைவிருக்கிறது. அந்தப் புளித்த வாடை வரும் சிலிகான் (இடுக்கை அடைக்கப் பூசும் பசை) பாலிகார்பனேட்டுக்கு ஆகாதாம்; வாடையற்ற நடுநிலை வகையைத்தான் பூச வேண்டுமாம்.

தகடு காப்புத்தாளோடு உங்கள் வாசலில் வந்து இறங்கட்டும். எழுத்துப் பக்கம் மேலே போவதை நின்று பாருங்கள், படம் எடுங்கள். தகட்டின் பெயரும் தடிமனும் ரசீதில் இருக்கட்டும். என் ரசீதில் "கூரை வேலை" என்ற இரண்டு சொற்கள்தான் இருக்கின்றன.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி மனுக் கொடுத்திருக்கிறேன். 50,000 ரிங்கிட் வரையிலான இழப்புக்கு அங்கே வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். மூன்றாண்டுக்குள் போக வேண்டும். அலுமினியச் சட்டத்துக்கு அடியில் கிடைத்த அந்தக் காப்புத்தாள் துண்டை உறையில் போட்டுப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். விசாரணை நாளில் அதை மேசைமேல் வைப்பேன்.