‘நம்மைக் காக்கும் 48’: நெருக்கடியான இரவில் கைகொடுத்த திட்டம்

தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபடும் எவருக்கும், அவர் எந்த மாநிலத்தவரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. எங்கள் ஊரை ஒட்டிச் செல்லும் நான்குவழிச் சாலையை இரவில் நடந்து கடந்த என் தம்பியை ஒரு கார் இடித்துத் தள்ளிய பிறகே அதன் அருமை எனக்குப் புரிந்தது.

108 ஆம்புலன்ஸில் வந்த ஊழியர் முதலில் அவன் கழுத்து அசையாதபடி பட்டை பொருத்தினார். பிறகு சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்து, காயத்தின் மேல் துணியை வைத்து அழுத்திக்கொண்டே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அரசு மருத்துவமனையில் பெயரையும் வயதையும் கேட்டார்களே தவிர, குடும்ப அட்டையையோ வருமானச் சான்றையோ யாரும் கேட்கவில்லை.

இத்திட்டத்தில் நான் பெரிதும் மதிப்பது அதன் அமைப்பைத்தான். விபத்து அதிகம் நடக்கும் சாலைப் பகுதிகளை முதலில் கண்டறிந்து, அவற்றுக்கு அருகிலுள்ள மருத்துவமனைகளைச் சேர்த்திருக்கிறார்கள். தொடக்கத்திலேயே 201 அரசு மருத்துவமனைகளும் 408 தனியார் மருத்துவமனைகளும் இணைந்தன. 81 சிகிச்சை முறைகளுக்கு ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று அப்போது வரம்பு வகுக்கப்பட்டது.

குறையும் உண்டு. தலைக்காயத்துக்கு அறுவைச் சிகிச்சை வேண்டும் என்று அனுப்பப்பட்ட ஒரு தனியார் மருத்துவமனை, திட்டத்தில் இணைந்திருந்தும், முன்பணம் கட்டினால்தான் சேர்ப்போம் என்றது. அனுப்பிய மருத்துவரே தொலைபேசியில் பேசிய பிறகுதான் கதவு திறந்தது. அதற்குள் நாற்பது நிமிடங்கள் கடந்துவிட்டன. இணைந்த ஒவ்வொரு மருத்துவமனையின் வாசலிலும் ‘இங்கே முன்பணம் இல்லை’ என்று பெரிய எழுத்தில் பலகை இருந்தால், பதறி நிற்கும் குடும்பம் துணிந்து கேட்கும். மூன்றாம் நாள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்களிடம் இருந்ததால் சிகிச்சை தடைப்படவில்லை. அந்த அட்டை இல்லாதவர் அரசு மருத்துவமனைக்கு மாற வேண்டும் அல்லது பணம் கட்ட வேண்டும் என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

தம்பி இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான். அவன் விழுந்த இடத்தில் மட்டும் இன்றும் விளக்கில்லை, கடக்கும் பாதையும் இல்லை. அடிபட்டு வருவோர் எந்த இடத்திலிருந்து வருகிறார்கள் என்பது மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேடு மாதந்தோறும் சாலைப் பொறியாளரின் மேசைக்குப் போக வேண்டும்.