புகைக்குப் பழி பம்ப் மேல், கோளாறு கேம் ஷாப்ட்டில்

நெல்லைப் பக்கம் லோடு லாரி வைத்திருக்கும் அண்ணாச்சிமார், முக்கியமாகப் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்காரர்கள், இதைக் கடைசி வரை வாசித்துவிடுங்கள். இன்ஜின் வேலைக்கு விட்டால் கம்பெனி கேம் ஷாப்ட்டுக்கு (இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) பதிலாக ‘ஸ்பெஷல் கேம்’ என்று ஒரு வெளிச்சாமானைப் போட்டு அனுப்புகிறார்கள். வண்டி கரும்புகை அடித்தால், டீசல் பம்ப் சரியில்லை என்று சொல்லி அதற்கும் தனியாகப் பணம் கறக்கிறார்கள். என்னிடம் இரண்டும் நடந்தது.

என் வண்டி ஆறு சிலிண்டர், டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சாமான்) உண்டு, டீசல் தள்ளுவது பழைய இன்லைன் பம்ப். தாழையூத்தில் சிமெண்ட் ஏற்றிச் செங்கோட்டை, புளியரை வழியாகக் கொல்லம் பக்கம் ஓடுகிறது. பழைய கேமில் வால்வைத் தள்ளும் மேடான லோப் தேய்ந்து, அந்தத் தள்ளலை வால்வுக்குக் கொண்டுபோகும் டேப்பட்டில் சத்தம் வந்ததால் இன்ஜினைப் பிரித்தோம். ஒர்க்‌ஷாப்காரர், “அண்ணாச்சி, கம்பெனி சாமான் வர நாளாகும். இதைப் போடுங்க, இழுவை கூடும், டீசலும் மிச்சம்” என்றார். விலை ஏறக்குறைய பாதி. பில்லில் ‘கேம் ஷாப்ட் 1’ என்பதோடு சரி. பிராண்டும் இல்லை, பார்ட் நம்பரும் இல்லை.

காலி வண்டியில் ஒரு குறையும் தெரியவில்லை. கயத்தாறு தாண்டி நாலுவழிச் சாலையில் நன்றாகத்தான் ஓடியது. லோடோடு புளியரை எஸ் வளைவில் ஏறியபோதுதான் வினை. வழக்கமாக மூச்சு விடாமல் இழுக்கும் இடத்தில் வண்டி திணறுகிறது. ஆக்சிலேட்டரை அமுக்கினால் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரியாத அளவுக்குக் கரும்புகை, ஆனால் இழுவை மட்டும் வரவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் சூடேறும் வரை வெள்ளைப் புகையும் நடுக்கமும். ஆயில் குச்சியை உருவினால் டீசல் வாடை.

ஒர்க்‌ஷாப்பில் பதில் தயாராக இருந்தது: “பம்ப்ல டீசல் ஜாஸ்தி.” பம்பைக் கழற்றி அளவு வைத்தோம், டீசலைத் தெளிக்கும் நாசில்களை மாற்றினோம். டீசலைக் குறைத்ததும் புகை கொஞ்சம் அடங்கியது, இருந்த இழுவையும் போய்விட்டது. அடுத்ததாக டர்போ போயிருக்கும் என்றார்கள். அதற்கு மேல் அங்கே வண்டியை விட எனக்கு மனசில்லை.

பேட்டையில் பம்ப் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். “காத்து உள்ள நிக்கலன்னா பம்ப் என்ன செய்யும் தம்பி? முதல்ல வால்வை அளந்து பாப்போம்” என்றார். டேப்பட் கிளியரன்ஸை (இடைவெளியை) கம்பெனிப் புத்தகத்தில் உள்ளபடி வைத்துவிட்டு, முதல் சிலிண்டரில் காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வின் ஸ்பிரிங் தட்டின்மேல், நுணுக்கமான அசைவை அளக்கும் டயல் கேஜ் முள்ளை உட்கார வைத்தார். பையன் ஒருவன் இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்ற, இவர் ஃப்ளைவீலில் போட்ட டிகிரிக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வால்வு திறந்த இடம் புத்தகத்தோடு ஒத்துப்போனது. பிஸ்டன் அடிவரை போய் மேலே ஏறத் தொடங்கியது. வால்வு மூடியிருக்க வேண்டிய கோடும் கடந்தது. டயல் முள் இன்னும் நகர்ந்துகொண்டே இருந்தது. ஏறக்குறைய 20 டிகிரி பிந்தித்தான் வால்வு உட்கார்ந்தது. மற்ற சிலிண்டர்களிலும் அதே கதைதான். டைமிங் கியரில் பல் மாறியிருந்தால் திறப்பதும் மூடுவதும் சேர்ந்தே தள்ளிப்போயிருக்கும். இங்கே திறப்பது சரி, மூடுவது மட்டும் தாமதம். அப்படியானால் லோபின் வடிவமே வேறு.

இதனால் என்ன ஆகிறது என்பதை அவர் சொல்லித்தான் விளங்கிக்கொண்டேன். வால்வு தாமதமாக மூடினால், மேலே ஏறும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது காற்று தன் வேகத்தில் உள்ளே பாய்வதால் இது ஈடாகிவிடும். ரேஸ் வண்டிக்கு இப்படிக் கேம் வைப்பது அதனால்தான். லோடு லாரி மேடு ஏறுவதோ 1,200, 1,500 ஆர்பிஎம்மில். அங்கே டர்போவும் முழு அழுத்தம் கொடுக்காது.

1 கிலோ டீசல் எரியக் கணக்குப்படி 14.5 கிலோ காற்று போதும். ஆனால் டீசலும் காற்றும் சிலிண்டருக்குள் முழுதாகக் கலக்க நேரம் கிடைக்காததால், காற்று 18 கிலோ வாக்கில் இறங்கும்போதே புகை கறுக்கத் தொடங்கிவிடும். பழைய பம்புக்குச் சிலிண்டரில் எவ்வளவு காற்று தங்கியது என்று தெரியாது. ஆக்சிலேட்டரும் கவர்னரும் (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) கேட்ட டீசலை ஊற்றிவிடும். டர்போ அழுத்தத்தைப் பார்த்து டீசலைக் கூட்டிக் குறைக்கும் பம்பும்கூட மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தத்தைத்தான் பார்க்கும், திரும்பிப் போன காற்று அதன் கணக்கில் வராது. பிஸ்டன் காற்றை அழுத்தும் கம்ப்ரஷன் தொடங்குவதும் பிந்துகிறது, அதனால் குளிர்ந்த இன்ஜினில் காற்று போதிய அளவு சூடாவதில்லை. காலை வெள்ளைப் புகை அதனால்தான். பெட்ரோல், சிஎன்ஜி குட்டியானை வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்து எரிபொருளைக் கணக்கிடும் வண்டியில் கேம் மாறினால் அந்தக் கணக்கே தப்பிப்போகும்.

புகை விஷயத்தை லேசாக விட்டுவிட முடியாது. பிஎஸ்-4 மாசு விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் (புகையின் கறுப்பை அளக்கும் அலகு). என் வண்டி அதைத் தாண்டியிருந்தது. காற்றுக் குறைவோடு மேடு ஏறினால் எக்ஸாஸ்ட் சூடு எகிறி வால்வும் டர்போவும் கருகும். டீசல் கலந்து ஆயில் நீர்த்தால் பேரிங் தாங்காது.

ஆகவே கேம் மாற்றச் சொன்னால் பார்ட் நம்பரைப் பில்லில் எழுதி வாங்குங்கள், பழைய கேமைக் கையோடு கேட்டு வாங்குங்கள். புதுக் கேமோடு டேப்பட்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழைய டேப்பட் புது லோபைத் தின்றுவிடும். கேம் மாற்றிய பிறகுதான் புகை வந்தது என்றால், வால்வை டயல் வைத்து அளக்காமல் பம்பில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

இப்போது கம்பெனி கேம் போட்டுப் பம்பைப் பழைய அளவுக்கே வைத்தாயிற்று, எஸ் வளைவில் வண்டி முன்புபோல ஏறுகிறது. ஒர்க்‌ஷாப்காரர், போட்டுக் கழற்றிய சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். தொழில் வண்டிக்கு அங்கே போக முடியாது என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். 2 வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். கழற்றிய கேம், பில், அளவு எடுத்த வீடியோ எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இதே ‘ஸ்பெஷல் கேம்’ உங்கள் வண்டியிலும் ஏறியிருந்தால், பில்லைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.