டெல்டாவில் ஒரு நாள் நடை: பையில் நிலைத்தவையும் கழித்தவையும்

மலையேற்றத்துக்கு எழுதிய சாமான் பட்டியலை அப்படியே டெல்டாவுக்குக் கொண்டுவந்தால் பாதி வீண். இங்கே ஏற்றமே கிடையாது. ஆளைப் படுத்துவது வெயில், புழுக்கம், களிமண், சீமைக் கருவேல முள். திருவையாற்றுக் காவிரிக்கரை, தஞ்சாவூர் புது ஆற்றங்கரை, கோடியக்கரைக் காடு என்று பல வருடமாக நடந்ததில் என் பையே மாறிவிட்டது.

முதல் மார்க் குடைக்குத்தான். தொப்பி தலையை மட்டும் மறைக்கும், உள்ளே வியர்த்துக் கொட்டும். மூன்றாக மடியும் குடை பைக்குள் அடங்கும். ஆனால் கோடியக்கரைக் கடற்காற்றில் கம்பி திரும்பிக்கொண்டது. அப்புறம் தாத்தாக்கள் வைத்திருக்கும் நீளக் கறுப்புக் குடைக்கு மாறினேன். துணியை மாற்றித் தைத்தும் இன்னும் அதே குடைதான். மழைக்கும் ஆகும், வழுக்கும் வரப்பில் ஊன்றிக்கொள்ளவும் ஆகும். தெருநாய் எதிரே வந்தால் கொஞ்சம் தைரியமும் தரும்!

ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், முள் அடியைத் துளைத்து ஏறிவிடும். வலைத்துணி ஷூ கோடையில் சரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில், சேறு அப்பிக் கால் கனக்கும், காயவும் காயாது. தடித்த அடியும் பின்வாரும் உள்ள சாண்டல்தான் எனக்கு ஒத்துவந்தது. வாருக்குள் மணல் புகுந்து கொப்புளம் வரும், அதுதான் குறை. ஒட்டுகிற பிளாஸ்டர் நாலு போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். பக்கத்தில் ஆறு ஓடுகிறது என்று குறைக்காதீர்கள், அது குடிக்கிற தண்ணீர் இல்லை. கூடவே ஓஆர்எஸ் பாக்கெட். 200 மில்லிக்கான சின்னது, ஒரு லிட்டருக்கான பெரியது என்று இரண்டும் கடையில் உண்டு. அளவைப் படித்துவிட்டு முழுப் பாக்கெட்டையும் கலக்குங்கள். குளுக்கோஸ் பொடி இதற்கு ஈடாகாது, வியர்வையில் போன உப்பு அதில் திரும்பாது.

சாப்பாட்டுக்குப் புளிச்சோறு. தயிர்சோறு மதியத்துக்குள் புளித்துப்போகிறது. கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் போனால் கடையை நம்பாதீர்கள்.

சின்ன டார்ச் ஒன்று கட்டாயம். பொழுது சாய்ந்தால் வயலோரத்தில் கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் நடமாடும். போன் வெளிச்சத்தை நம்பினால், 108ஐக் கூப்பிட வேண்டிய நேரத்தில் சார்ஜ் இருக்காது.

நடைக்கம்பு, காற்றுத் தலையணை, கனத்த ஜாக்கெட் எல்லாம் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. யாருக்காவது கொடைக்கானல் போக வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம்.