வீட்டிலேயே எஃப்எம் ட்யூனர்: டிடிஏ7000, டிஇஏ5767, ஆர்டிஏ5807எம் – எதில் கட்டுவது?

எஃப்எம் ட்யூனர் கட்ட உட்காருபவருக்கு உருப்படியான வழிகள் மூன்று. காயில் சுற்றி டிடிஏ7000 ஐசியில் கட்டலாம். அல்லது டிஇஏ5767, ஆர்டிஏ5807எம் ஆகிய மாட்யூல்களில் ஒன்றை மைக்ரோகண்ட்ரோலரோடு இணைக்கலாம். ஒற்றை டிரான்சிஸ்டர் சூப்பர் ரீஜெனரேட்டிவ் சர்க்யூட்டும் இருக்கிறது, செலவும் சொற்பம். ஆனால் அது ஆண்டெனா வழியே தானும் அலையைக் கக்கி, பக்கத்து வீட்டு ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும். நெருக்கமான இரண்டு நிலையங்களைப் பிரிக்கவும் திணறும். அதனால் அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

டிடிஏ7000: கைவேலைக்கு இதுதான்

1983-ல் பிலிப்ஸ் வெளியிட்ட 18 கால் ஐசி இது. வழக்கமான எஃப்எம் ரேடியோவில் நிலையத்தின் அலையை முதலில் மாற்றிக் கொண்டுவரும் இடைநிலை அதிர்வெண் (ஐஎஃப்) 10.7 மெகாஹெர்ட்ஸ். அதற்கு ஐஎஃப் காயில், செராமிக் ஃபில்டர், அலைன்மென்ட் எல்லாம் வேண்டும். இதில் அது வெறும் 70 கிலோஹெர்ட்ஸ் என்பதால் ஃபில்டர் ஐசிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஒலிக்கேற்ப நிலையத்தின் அலை 75 கிலோஹெர்ட்ஸ் வரை விலகுமே, அந்த விலகல் அதற்குள் எப்படிக் கொள்ளும்? உள்ளே இருக்கும் பின்னூட்டச் சுற்று, ரேடியோவுக்குள் அலை உண்டாக்கும் ஆசிலேட்டரையும் கூடவே நகர்த்தி, விலகலை 15 கிலோஹெர்ட்ஸாகச் சுருக்கிவிடுகிறது. அருமையான யோசனை, ஆனால் ஸ்டீரியோவை மறந்துவிட வேண்டும்.

நாம் செய்ய வேண்டிய முக்கிய வேலை 5, 6-ஆம் கால்களுக்கு இடையே வரும் ஆசிலேட்டர் காயில். 22 கேஜ் எனாமல் கம்பியை 5 மில்லிமீட்டர் டிரில் பிட்டில் 4 சுற்று சுற்றி, 6 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழுத்துவிட்டால் 60 நானோஹென்றிக்குப் பக்கத்தில் வரும். 56 நானோஹென்றி என்று வைத்துக்கொண்டால், 88 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 58 பிகோஃபேரட் வேண்டும், 108-க்கு 39 போதும். ஆக 22 பிகோஃபேரட் ட்ரிம்மரும் (திருப்பி மதிப்பை மாற்றும் கெபாசிட்டர்) அதற்கு இணையாக 27 பிகோஃபேரட் செராமிக்கும் போட்டால், ஐசியும் போர்டும் சேர்க்கும் சில பிகோஃபேரடோடு கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். மிச்சத்தைக் காயிலை இழுத்தும் நெருக்கியும் சரிசெய்யலாம். இழுத்தால் அதிர்வெண் ஏறும், நெருக்கினால் இறங்கும்.

பிரெட்போர்டில் இதைக் கட்டவே கூடாது. அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையிலேயே சில பிகோஃபேரட் ஒளிந்திருக்கும், மொத்தத் தேவையே 39 என்னும்போது அது பெரிய பிழை. டாட் போர்டில் சால்டர் செய்து, கம்பிகளைக் குட்டையாக வைத்து, 100 நானோஃபேரட் செராமிக்கை 5-ஆம் காலுக்கும் 16-ஆம் காலுக்கும் இடையே ஒட்டிப் போடுங்கள். ட்ரிம்மரை இரும்பு ஸ்க்ரூடிரைவரால் திருப்பினால், கையை எடுத்ததும் நிலையம் ஓடிவிடும். பிளாஸ்டிக் முனைதான் சரி.

ஒன்றுமே கேட்கவில்லையென்றால் ஆசிலேட்டர் எங்கே ஓடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சாதாரண எஃப்எம் ரேடியோ ஒன்றை நிலையம் இல்லாத இடத்தில் 'உஸ்' என்று இரைய விட்டுப் பக்கத்தில் வையுங்கள். ட்ரிம்மரைத் திருப்பும்போது அந்த இரைச்சல் சட்டென்று அடங்கும் இடம்தான் உங்கள் ஆசிலேட்டர். வித்தியாசம் 70 கிலோஹெர்ட்ஸ்தான் என்பதால், ரேடியோ காட்டும் எண்ணையே பிடிக்கும் நிலையத்தின் எண்ணாக எடுத்துக்கொள்ளலாம். 10.7 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவில் இந்த வசதி கிடைக்காது. பாண்ட் சரியாக வந்ததும் காயில் மேல் மெழுகு உருக்கி ஊற்றி அசையாமல் செய்துவிடுங்கள்.

மாட்யூல்கள்: உண்மையான போட்டி இங்கேதான்

காயில் இல்லை, ட்ரிம்மர் இல்லை. 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலை ஆதாரமாக வைத்து, பிஎல்எல் என்னும் அதிர்வெண் பூட்டுச் சுற்று நிலையத்தைப் பூட்டிவிடுகிறது. ஸ்டீரியோவும் உண்டு.

டிஇஏ5767 எளியது. மைக்ரோகண்ட்ரோலரோடு இரண்டு கம்பியில் பேசும் ஐ2சி முறையில் இதன் முகவரி 96, அனுப்ப வேண்டியது மொத்தம் ஐந்து பைட். நிலையத்தின் ஹெர்ட்ஸோடு 2,25,000 கூட்டி, 4-ஆல் பெருக்கி, 32,768-ஆல் வகுத்தால் பிஎல்எல் எண். 98.3-க்கு 12,027 வரும். அனுப்ப வேண்டியவை: 46, 251, 176, 16, 0. கடைசி பைட்டின் 0, டி-எம்ஃபசிஸை (ஒலிபரப்பில் தூக்கிவிட்ட உச்ச ஒலிகளை மீண்டும் தணிப்பது) 50 மைக்ரோசெகண்டில் வைக்கிறது. நம் நாட்டுக்கு அதுதான் சரி. 75-ல் விட்டால் ஒலி மந்தமாகும். 5 வோல்ட் வரை தாங்குவதால் ஆர்டுயினோ ஊனோவோடு நேராக இணையும். ஆனால் வெளிவரும் ஆடியோ பலவீனமானது, கட்டாயம் ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

ஆர்டிஏ5807எம்-ல் வால்யூம் உள்ளேயே இருக்கிறது, 32 ஓம் ஹெட்ஃபோனை 100 மைக்ரோஃபேரட் வழியே நேராக ஓட்டும், நிலையத்தின் பெயர் போன்ற ஆர்டிஎஸ் எழுத்துகளையும் தரும். மின்சாரம்தான் கண்டிப்பு: 3.3 வோல்ட். ஊனோவின் 5 வோல்ட்டைக் கொடுத்தால் மாட்யூல் போய்விடும், ஐ2சி கம்பிகளுக்கும் 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் லெவல் ஷிஃப்டர் வேண்டும். 3.3 வோல்ட் ஈஎஸ்பி32-ஓடு இணைப்பதே நிம்மதி.

இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், கடையில் மாறியும் வரும். மின்சாரம் கொடுக்குமுன் பொடி எழுத்தைப் படியுங்கள், சந்தேகமென்றால் 3.3 வோல்ட்டிலேயே தொடங்குங்கள். ஐ2சி ஸ்கேனர் ஓட்டினால் 96 மட்டும் பதில் தந்தால் டிஇஏ5767. 16, 17, 96 மூன்றும் தந்தால் ஆர்டிஏ. எதுவுமே வராவிட்டால் ஐ2சி கம்பிகளை மின்சார வோல்ட்டோடு இணைக்கும் 4.7 கிலோஓம் புல்-அப் ரெசிஸ்டர் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டுக்கும் பொதுவான தொல்லை மைக்ரோகண்ட்ரோலரின் சத்தம். ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் ஆறாம் மடங்கு 96, பாண்டின் நட்டநடுவே விழும். மாட்யூலை ஒரு சாண் தள்ளி வைத்து, ஆண்டெனாவைப் போர்டிலிருந்து விலக்கிக் கொண்டுபோனால் பெரும்பாலும் அடங்கும்.

எதை எடுப்பது

நிலையங்கள் பலமாக விழும் சென்னை, மதுரை போன்ற ஊர்களில் தினமும் பாட்டுக் கேட்க ஆர்டிஏ5807எம். கையில் ஊனோவும் ஆம்ப்ளிஃபையரும் ஏற்கெனவே இருந்தால் டிஇஏ5767. ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்று கற்க வேண்டுமென்றால் தயங்காமல் டிடிஏ7000, மாட்யூல் அதைச் சொல்லித்தராது. கொடைக்கானல் 100.5-ஐத் தூரத்திலிருந்து பிடிப்பவர்கள் மாட்யூலை மோனோவில் பூட்டிவிடுங்கள். பலவீனமான சிக்னலில் ஸ்டீரியோ இரைச்சலைத்தான் கூட்டும். ஆண்டெனா மூன்றுக்கும் ஒன்றே: 75 சென்டிமீட்டர் கம்பி, நேராக நிறுத்தி, முடிந்தால் ஜன்னலுக்கு வெளியே.