ராமேஸ்வரம் சோழி பாக்கெட்: தாய ஆட்டத்துக்குத் தேறுமா?

அக்னி தீர்த்தம் பக்கத்துச் சங்குக் கடைகளில் சோழி பாக்கெட்டாகவும் தொங்கும், கூடையில் கொட்டியும் கிடக்கும். பளபளப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பல்லாங்குழிக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆறு சோழி வீசி ஆடும் தாய ஆட்டத்துக்கு என்றால் கொஞ்சம் நில்லுங்கள்.

பன்னிரண்டு சோழி உள்ள பாக்கெட்டில் இரண்டுக்கு உதடு உடைந்திருக்கிறது என்று வையுங்கள். பார்க்காமல் ஆறு எடுத்தால் ஆறும் நல்லதாக இருக்க என்ன வாய்ப்பு? பன்னிரண்டில் ஆறை 924 விதமாக எடுக்கலாம்; நல்ல பத்தில் ஆறை 210 விதமாக. 210/924, அதாவது 22 தடவைக்கு 5. ஆகவே கூடையில் ஒவ்வொன்றாகப் பொறுக்குவதே மேல்.

அடுத்தது வீச்சு. மல்லாந்தவற்றை, அதாவது வாய் மேலே பார்க்க விழுந்தவற்றை, எண்ணினால் 0 முதல் 6 வரை ஏழு விடை வரும். ஏழும் சம வாய்ப்பு என்று நினைப்பதுதான் வழக்கமான தப்பு. ஒவ்வொரு சோழிக்கும் இரண்டு நிலை, ஆறுக்கும் சேர்த்து 64 நிலை. இரண்டு மட்டும் மல்லாக்க: முதல் சோழிக்கு 6 வழி, அடுத்ததற்கு 5, மொத்தம் 30, எது முதல் எது அடுத்தது என்ற பேதம் இல்லாததால் பாதி, 15. இப்படியே போட்டால் 1, 6, 15, 20, 15, 6, 1. கூட்டினால் 64 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ வரிசையையும் சேர்த்து எண்ணிவிட்டீர்கள்.

ஒன்று மல்லாந்தால் தாயம்: 6/64, சுமார் 9.4 சதவீதம். பத்து வீச்சிலும் தாயமே விழாமல் போக 37 சதவீத வாய்ப்பு. கட்டத்தில் காய் இறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவரை ராசியில்லாதவர் என்று கேலி செய்வதில் நியாயமே இல்லை.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் சோழி பாதிக்குப் பாதி விழுந்தால்தான். இயற்கைச் சோழிக்கு முதுகு கூன், வாய்ப்பக்கம் தட்டை. அதனால் கவிழ்ந்து உட்காரவே பார்க்கும். மல்லாக்கும் வாய்ப்பு 0.4 ஆக இறங்கினால் தாயம் 6 × 0.4 × 0.6⁵, கிட்டத்தட்ட 18.7 சதவீதம், இரண்டு மடங்கு! ஆறு விழுவதோ 64க்கு ஒன்று என்பதிலிருந்து சுமார் 244க்கு ஒன்றாகிவிடும். ஆறும் கவிழ்ந்தால் பன்னிரண்டு என்று எண்ணும் வீடுகளில், அந்தப் பன்னிரண்டு 21 வீச்சுக்கு ஒன்றாக வந்து குவியும். காய் ஏறும், ஆட்டம் சப்பென்று போகும்.

சோதிக்க, ஆறையும் சேர்த்து 100 தடவை வீசி மல்லாந்ததைக் கூட்டுங்கள். 600க்கு 276 முதல் 324 வரை வந்தால் விட்டுவிடலாம். 240 என்றால் சாய்வு நிச்சயம். ஒரே சோழியை நூறு தடவை போட்டு 42 வந்ததும் தூக்கி எறியாதீர்கள். நேர்மையான சோழியும் அப்படி விழும். ஆனால் ஆறின் கூட்டுத்தொகை சரியாக வந்தாலும் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று ஒளிந்திருக்கலாம். அதனால் ஒவ்வொன்றிலும் மையால் புள்ளி வைத்துத் தனித்தனியாகவும் குறியுங்கள். ஆடும் தரையிலேயே வீசுங்கள். கடற்கரை மணலில் சோழி புதைந்து நிற்கும், அந்த எண்ணிக்கை எதற்கும் ஆகாது.

சாய்வு இருந்தால் உப்புத்தாளை நனைத்து முதுகைத் தேய்த்துத் தட்டையாக்கலாம். உலர்ந்தபடி தேய்த்தால் தூசி நெஞ்சுக்குள் போகும். பத்து இழுப்புக்கு ஒருமுறை வீசிப் பாருங்கள். அதிகம் தேய்த்தால் ஓட்டை விழும், சாய்வும் மறுபக்கம் போய்விடும்.

இவ்வளவு மெனக்கெட மனமில்லாதவர்களுக்குப் பித்தளைத் தாயக்கட்டை இருக்கிறது. 0, 1, 2, 3 என்று நான்கு முகம் கொண்ட இரண்டு கட்டை, 16 நிலை, தாயத்துக்கு 2. எட்டுக்கு ஒன்று. ஆனால் சோழி தரையில் சலசலக்கும் சத்தம் அதில் கிடையாது.